நோவறியாப் பிள்ளைகளும் நரம்பைக் காக்கும் புரதமும்

நோவின்றி வாழவேண்டும் என்பது மனிதரின் மிகப் பழைய வேண்டுதல்களில் ஒன்று. கோயிலிலும் பள்ளிவாசலிலும் தேவாலயத்திலும் நோயாளருக்காக நாம் கேட்பது பெரும்பாலும் அதனையே. ஆனால், பிறந்த நாள் முதல் நோவு என்பதையே அறியாத பிள்ளைகள் இவ்வுலகில் இருக்கின்றனர் என்பதும், அவர்களது வாழ்க்கை வரமாக அன்றி ஓயாத ஆபத்தாகவே அமைந்து விடுகின்றது என்பதும் பலர் அறியாத செய்தியாகும்.

பல் முளைக்கும் பருவத்தில் இப்பிள்ளைகள் தமது நாக்கையும் உதட்டையும் விரல் நுனிகளையும் கடித்துப் புண்ணாக்கி விடுகின்றனர். சூடான பாத்திரத்தில் கைபட்டால் கையை இழுத்துக் கொள்வதில்லை. எலும்பு முறிந்த காலுடன் ஓடித் திரிகின்றனர். கண்ணில் தூசு விழுந்தாலும் உறுத்தல் தெரியாது. இவற்றோடு மற்றொரு குறையும் சேர்ந்துகொள்கின்றது. இவர்களுக்கு வியர்ப்பதில்லை. வியர்வை இல்லாத உடல் வெப்பத்தை வெளியேற்ற வழியின்றித் தவிக்கும். காரணம் கண்டறிய முடியாத காய்ச்சல் கைக்குழந்தைப் பருவத்திலேயே மீண்டும் மீண்டும் வருவதுதான் பெரும்பாலும் இந்நோயின் முதல் அடையாளம். கடுங்காய்ச்சலினால் சிறு வயதிலேயே உயிரிழக்கும் பிள்ளைகளும் உளர்.

இன்னொரு கொடுமையும் உண்டு. உடலெங்கும் தழும்புகளும் தீக்காயங்களும் ஆறாத முறிவுகளுமாக வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்படும் பிள்ளையைக் காண்போர், பெற்றோரே அடித்துத் துன்புறுத்தியிருக்கலாம் என ஐயுறுகின்றனர். நோயினால் ஏற்கெனவே நொந்திருக்கும் தாய் தந்தையர் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்படுகின்றனர். பிறவியிலேயே நோவுணர்வும் வியர்வையும் அற்றிருக்கும் இந்நோய் மிக அரிதானது. ஆயினும் இதன் காரணத்தைத் தேடிச் சென்ற விஞ்ஞானம், நமது நரம்புத்தொகுதி எவ்வாறு உருவாகின்றது என்ற பெரிய கேள்விக்கே விடையின் ஒரு பகுதியைக் கண்டெடுத்தது. அவ்விடையின் பெயர் நரம்பு வளர்ச்சிக் காரணி என்பதாகும்.

படுக்கையறையில் ஓர் ஆய்வுகூடம்

இக்காரணியின் வரலாறு இத்தாலியின் டூரின் நகரிலே தொடங்குகின்றது. அங்கு 1909 இல் யூதக் குடும்பமொன்றிற் பிறந்த ரீற்றா லெவி மொன்டல்சினி, 1936 இல் மருத்துவப் பட்டம் பெற்றார். இரண்டு ஆண்டுகளின் பின்னர் முசோலினியின் அரசு கொண்டுவந்த இனவாதச் சட்டங்கள் யூதர்களுக்குப் பல்கலைக்கழகங்களின் கதவுகளை அடைத்தன. பதவி இழந்த அவர் ஆய்வை இழக்க விரும்பவில்லை. தமது படுக்கையறையையே ஆய்வுகூடமாக்கிக் கொண்டார். தையல் ஊசிகளைத் தீட்டி அறுவைக் கருவிகளாக்கினார். கோழி முட்டைகளினுள்ளே வளரும் முளையங்களே அவரது ஆய்வுப் பொருள்களாயின. குண்டுவீச்சு கடுமையானபோது நாட்டுப்புற வீடொன்றுக்கு இடம்பெயர்ந்தார். அங்கும் ஆய்வு தொடர்ந்தது. விளக்கொளியிலும் பதுங்கு குழியிலும் இருந்து பாடம் படித்த தலைமுறையொன்றைக் கண்ட நமக்கு இதன் பொருளை எவரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

முளையத்தின் சிறகு அரும்பை வெட்டி நீக்கினால், அச்சிறகுக்குச் செல்லவேண்டிய நரம்புக்கலங்கள் குறைந்துபோவதை விக்டர் ஹம்பர்கர் என்ற ஆய்வாளர் 1934 இல் எழுதியிருந்தார். சிறகு இல்லாததனால் அக்கலங்கள் தோன்றவே இல்லை என்பது அவரது விளக்கம். லெவி மொன்டல்சினி கண்டது வேறொன்று. கலங்கள் தோன்றுகின்றன, வளரவும் தொடங்குகின்றன. ஆனால் சென்றடைய வேண்டிய இடம் இல்லாமையால் மடிந்து போகின்றன. அப்படியாயின் அவ்விடத்திலிருந்து ஏதோ ஒன்று நரம்புக்கலங்களுக்கு ஊட்டமாகக் கிடைத்திருக்க வேண்டும் அல்லவா?

இந்தக் கருத்து வேறுபாட்டைப் பகையாகக் கொள்ளாத ஹம்பர்கர், போர் முடிந்த பின் அவரை அமெரிக்காவின் சென். லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்திற்கு அழைத்தார். சில மாதங்கள் தங்கும் எண்ணத்துடன் 1947 இல் சென்றவர் முப்பது ஆண்டுகள் வரை அங்கு பணியாற்றினார். எலியின் புற்றுநோய்க் கட்டியொன்றைக் கோழி முளையத்தில் ஒட்டியபோது நரம்பிழைகள் அக்கட்டியை நோக்கி அடர்ந்து வளர்வதை அவர் கண்டார். 1952 இல் பிரேசிலின் றியோ டி ஜெனீரோ நகரில், கண்ணாடிக் கிண்ணத்தில் வளர்த்த நரம்புக்கலத் திரளின் அருகே அதே கட்டியின் துண்டை வைத்தார். திரளைச் சுற்றி ஞாயிற்றின் கதிர்கள் போல நரம்பிழைகள் எழுந்தன. கட்டியிலிருந்து கசியும் பொருளொன்று இதனைச் செய்கின்றது என்பது அன்று ஐயமற உறுதியாயிற்று.

அப்பொருளைப் பிரித்தெடுக்கும் வேலையை 1953 இல் வந்து சேர்ந்த உயிரிரசாயனவியலாளர் ஸ்ரான்லி கோகன் ஏற்றார். சாற்றில் கலந்திருந்த கருவமிலத்தை அழிப்பதற்காகப் பாம்பு நஞ்சைச் சேர்த்தபோது எதிர்பாராத விளைவு ஏற்பட்டது. நஞ்சிலேயே அப்பொருள் பன்மடங்கு செறிந்திருந்தது. நஞ்சுச் சுரப்பி என்பது உமிழ்நீர்ச் சுரப்பியின் மாற்றுருவமே என்பதை எண்ணிப் பார்த்த கோகன், ஆண் எலியின் உமிழ்நீர்ச் சுரப்பியை ஆராய்ந்தார். அங்கும் அது தாராளமாகக் கிடைத்தது. அது ஒரு புரதம். இக்கண்டுபிடிப்பை ஒட்டிய பணிகளுக்காக இருவருக்கும் 1986 ஆம் ஆண்டின் மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. லெவி மொன்டல்சினி 2012 டிசம்பரில், தமது 103 ஆவது வயதில் காலமானார்.

இலக்கு தரும் உணவு

விஞ்ஞானம் பயிலாதவர்களும் விளங்கிக்கொள்ளத்தக்க எளிய ஒழுங்கொன்று இதிலே உண்டு. முளையப் பருவத்தில் உடல் தனக்குத் தேவையானதை விட மிகுதியான நரம்புக்கலங்களை உண்டாக்குகின்றது. அவை ஒவ்வொன்றும் தோல், சுரப்பி, குருதிக்குழாய் எனத் தத்தம் இலக்கை நோக்கி இழையை நீட்டுகின்றன. இலக்கிலுள்ள இழையம் நரம்பு வளர்ச்சிக் காரணியை அளவோடு சுரக்கின்றது. உரிய இடத்தை அடைந்த கலத்துக்கு அது கிடைக்கும், அக்கலம் வாழும். கிடைக்காத கலம் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். தேவைக்கு ஏற்ற எண்ணிக்கையில் நரம்புகள் அமைவது இவ்வாறுதான்.

ஆனால் காரணி இருந்தால் மட்டும் போதாது. அதனை ஏற்றுக்கொள்ளும் வாங்கி எனப்படும் புரதமும் நரம்புக்கலத்தின் மேற்பரப்பில் இருக்கவேண்டும். கடிதம் வந்தும் வாசலில் அதனைப் பெற்றுக்கொள்ள ஆளில்லாவிட்டால் செய்தி உள்ளே செல்லாது. நரம்பு வளர்ச்சிக் காரணியின் முதன்மையான வாங்கி ‘ட்ரக் ஏ’ என்ற புரதமே என்பது 1991 இல் தெளிவாயிற்று.

எல்லா நரம்புகளும் இக்காரணியை நம்பி வாழ்வதில்லை. நோவையும் வெப்பத்தையும் உணர்த்தும் மெல்லிய புலன் நரம்புகளும், வியர்வை, குருதியமுக்கம் முதலியவற்றை நாம் அறியாமலே நடத்திச் செல்லும் பரிவு நரம்புகளுமே இதனை முற்றாகச் சார்ந்தவை. 1960 இல் லெவி மொன்டல்சினி, இக்காரணியைச் செயலிழக்கச் செய்யும் பிறபொருளெதிரியைப் பிறந்த எலிக்குஞ்சுகளுக்கு ஏற்றினார். அவற்றின் பரிவு நரம்புத்திரட்டுகள் ஏறத்தாழ முற்றாக அழிந்தன. அப்போது எழுந்த வினா இயல்பானது. மருந்தால் ஏற்படுத்திய இக்குறை மனிதரிடம் பரம்பரையாக ஏற்படுவதுண்டா?

தவறிய ஊகம்

இவ்வினாவுக்குப் பொருத்தமான நோயொன்று கண்முன்னே இருந்தது. கிழக்கு ஐரோப்பிய வழிவந்த அஷ்கெனாசி யூதர்களிடையே காணப்படும் இந்நோயை அமெரிக்க மருத்துவர்களான றைலி, டே முதலியோர் 1949 இல் விவரித்தனர். இந்நோயுள்ள குழந்தைகள் அழும்போது கண்ணீர் வராது. குருதியமுக்கம் நிலையின்றி ஏறி இறங்கும். விழுங்குதல் கடினம். நோவும் வெப்பமும் குறைவாகவே உணரப்படும். பாதிக்கப்பட்டவை பரிவு நரம்புகளும் புலன் நரம்புகளுமே. எலிக்குஞ்சுகளின் நிலையை இது பெரிதும் ஒத்திருந்ததனால், நரம்பு வளர்ச்சிக் காரணியில் உள்ள குறையே இந்நோய்க்குக் காரணமாகலாம் எனப் பலர் கருதினர்.

அழகான ஊகம், ஆனால் உண்மையன்று. நோயுற்ற பிள்ளைகள் உள்ள குடும்பங்களில் இக்காரணிக்கான பரம்பரையலகு தலைமுறைக்குத் தலைமுறை எவ்வாறு கடத்தப்படுகின்றது என்பதை ஸாண்ட்ரா பிறேக்பீல்ட் குழுவினர் ஆராய்ந்து 1984 இல் முடிவை வெளியிட்டனர். பரம்பரையலகு ஒரு வழியிலும் நோய் வேறொரு வழியிலும் சென்றன. இரண்டும் சேர்ந்து பயணிக்கவில்லை என்றால், ஒன்று மற்றதற்குக் காரணமாக முடியாது. உண்மையான குறை 9 ஆம் நிறமூர்த்தத்திலுள்ள முற்றிலும் வேறான பரம்பரையலகொன்றில் இருப்பது 2001 இல் கண்டுபிடிக்கப்பட்டது. ஓர் ஊகத்தைக் கைவிடுவதற்கும் சான்று தேவை. அச்சான்றைத் தேடுவதும் விஞ்ஞானத்தின் கடமையே என்பதற்கு இது நல்ல உதாரணமாகும்.

விடை கிடைத்த இடம்

கேள்வி சரியானது, நோய்தான் வேறு. 1994 இல் ‘ட்ரக் ஏ’ வாங்கி இல்லாத எலிகள் ஆய்வுகூடத்தில் உருவாக்கப்பட்டன. அவை நோவை உணரவில்லை. ஜப்பானின் குமமோத்தோவைச் சேர்ந்த யசுஹிரோ இந்தோவும் சக ஆய்வாளர்களும் இதனைக் கவனித்தனர். நோவும் வியர்வையும் அற்ற மனிதப் பிள்ளைகளுக்கும் இந்த எலிகளுக்கும் உள்ள ஒற்றுமை அவர்களைச் சிந்திக்க வைத்தது. உறவில்லாத மூன்று நோயாளிகளை ஆராய்ந்தபோது, மூவரிடமும் அவ்வாங்கிக்கான பரம்பரையலகில் விகாரங்கள் காணப்பட்டன. இது 1996 இல் வெளியாயிற்று. பிறவி நோவின்மைக்கும் நரம்பு வளர்ச்சிக் காரணியின் வழிக்கும் உள்ள தொடர்பு அன்று முதன்முதலாக மனிதரிடம் நிறுவப்பட்டது.

இப்போது நோயின் அடையாளங்கள் ஒவ்வொன்றும் பொருள் பெறுகின்றன. வாங்கி பழுதானதால் காரணி இருந்தும் பயனில்லை. எனவே நோவு நரம்புகள் கருவிலேயே மடிந்து விடுகின்றன. வியர்வைச் சுரப்பிகள் தோலில் உள்ளன. ஆனால் அவற்றுக்குக் கட்டளை கொண்டுவரும் பரிவு நரம்புகள் இல்லை. ஆகவே வியர்வை இல்லை, காய்ச்சல் ஏறுகின்றது. மூளையின் சில கலங்களும் இவ்வாங்கியைப் பயன்படுத்துவதால் பலரிடம் அறிவு வளர்ச்சியும் குன்றுகின்றது. ஆனால் தொடுகையுணர்வு பெரும்பாலும் கெடுவதில்லை. அதற்கான நரம்புகள் இதே குடும்பத்தைச் சேர்ந்த வேறு காரணிகளால் வாழ்கின்றன. தாயின் அணைப்பை அப்பிள்ளை அறியும். அடுப்பின் சூட்டை அறியாது.

வாங்கியில் மட்டுமன்றிக் காரணியிலேயே குறை இருந்தால் என்னவாகும்? வட சுவீடனைச் சேர்ந்த பெருங்குடும்பமொன்றில் இதற்கான விடை 2004 இல் கிடைத்தது. அங்கு நரம்பு வளர்ச்சிக் காரணிப் புரதத்தின் ஓர் அமினோ அமிலம் மாறியிருந்தது. இக்குடும்பத்தினருக்கு வியர்வை உண்டு; அறிவாற்றலிலும் குறைவில்லை. ஆனால் எலும்பிலும் மூட்டிலும் ஏற்படும் ஆழ்ந்த நோவு தெரிவதில்லை. அதனால் முழங்கால், கணுக்கால் மூட்டுகள் அவர்கள் அறியாமலே இளமையிலேயே சிதைந்து போகின்றன. இத்தகைய குறையின் அளவையும் தன்மையையும் பொறுத்தே நோயின் கடுமையும் அமைகின்றது.

மற்றக் காரணிகள்

நரம்பு வளர்ச்சிக் காரணி தனியானதன்று. 1982 இல் பன்றியின் மூளையிலிருந்து இன்னொரு காரணியை ஈவ் பார்ட் என்பவரும் அவரது சகாக்களும் பிரித்தெடுத்தனர். மூளைவழி நரம்பூட்டக் காரணி என இதனைச் சொல்லலாம். ஹன்ரிங்டன் நோயில் இது முக்கிய இடம் பெறுகின்றது. பெற்றோரில் ஒருவரிடம் இந்நோயின் பரம்பரையலகு இருந்தாலே ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டில் ஒரு பங்கு ஆபத்து உண்டு. பெரும்பாலும் நடுவயதில் கட்டுப்பாடற்ற அசைவுகளுடன் தொடங்கி மனநிலையையும் நினைவையும் சிதைக்கும் இந்நோயில், மூளையின் உட்பகுதியிலுள்ள குறித்த கலங்கள் மடிகின்றன. அக்கலங்களுக்குத் தேவையான காரணியை மூளையின் மேற்பட்டையே அனுப்பிவைக்கின்றது. விகாரமடைந்த ஹன்ரிங்டின் புரதம் அந்த வழங்கலைக் குறைத்து விடுகின்றது என்பதை இத்தாலிய ஆய்வாளர்கள் 2001 இல் காட்டினர். இங்கு காரணியின் பரம்பரையலகில் குறை இல்லை. வேறொரு குறையின் விளைவாகவே காரணி குன்றுகின்றது. மூல காரணம், விளைவு என்ற இரண்டையும் பிரித்தறிவது இத்துறையில் மிக அவசியமாகும்.

மருந்தாகுமா?

குறைந்ததைக் கொடுத்தால் நோய் தீருமே என்று எவரும் நினைக்கலாம். 1990களில் மருந்துக் கம்பனிகளும் அவ்வாறே நினைத்தன. நீரிழிவினால் கால் நரம்பு பாதிக்கப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பங்குபற்றிய பரிசோதனையில் ஒரு பகுதியினருக்கு நரம்பு வளர்ச்சிக் காரணி ஊசி வழியாக ஏற்றப்பட்டது. போதிய பயன் தெரியவில்லை. ஊசி ஏற்றிய இடத்தில் நோவு மட்டும் கூடியது. இயக்க நரம்புகளை அழிக்கும் நோயில் மூளைவழிக் காரணியும் பயனளிக்கவில்லை. இவை பெரிய புரதங்களாதலால் குருதியிலிருந்து மூளைக்குள் எளிதிற் செல்வதில்லை. அதோடு வளர்ந்தோரிடத்தில் நரம்பு வளர்ச்சிக் காரணி நோவைத் தூண்டும் பொருளாகவும் தொழிற்படுகின்றது.

தோல்விகளுக்கிடையே வெற்றியொன்றும் உண்டு. நரம்பு செயலிழந்ததால் ஆறாத விழிப்புண்ணுக்கு இக்காரணியைக் கொண்ட கண் சொட்டு மருந்து ஐரோப்பாவில் 2017 இலும் அமெரிக்காவில் 2018 இலும் அனுமதிக்கப்பட்டது. புண் உள்ள இடத்திலேயே மருந்து சேர்வதால் மேற்கூறிய தடைகள் இங்கு எழவில்லை.

எதிர்த்திசையிலும் முயற்சி நடந்தது. இக்காரணியைத் தடுத்தால் நோவு குறையுமல்லவா? மூட்டுவாத நோயாளருக்காகத் தயாரிக்கப்பட்ட ரனெசுமாப் என்ற மருந்து நோவைக் குறைக்கவே செய்தது. ஆனால் சிலரின் மூட்டுகள் விரைவாகச் சிதைந்தன. 2010 இல் அமெரிக்காவில் பரிசோதனைகள் நிறுத்திவைக்கப்பட்டுப் பின்னர் தொடரப்பட்டன. 2021 இல் நிபுணர் குழு 19 இற்கு 1 என்ற வாக்குகளால் பாதுகாப்பு ஏற்பாடுகள் போதா எனத் தீர்மானிக்க, தயாரித்த பைசர் நிறுவனம் முயற்சியைக் கைவிட்டது. நோவை இழந்த சுவீடன் குடும்பத்தினருக்கும் மூட்டுகளே சிதைந்தன என்பதை இங்கு நினைவுகூர்தல் தகும்.

நமது கடமை

பிறவி நோவின்மைக்கு இன்றுவரை பூரண சிகிச்சை இல்லை. ஆனால் நோயை இனங்காண்பதே பாதிச் சிகிச்சை எனலாம். பிள்ளையின் உடலை நாள்தோறும் தலை முதல் கால் வரை பார்வையிடல், காய்ச்சல் ஏறும்போது உடனே குளிர்வித்தல், கூரிய பற்களைப் பல் வைத்தியரிடம் காட்டி மழுங்கச் செய்தல், கண்களைப் பேணல் என்பன உயிரையும் உறுப்பையும் காக்கும். நமது நாட்டைப் போன்ற வெப்ப தேசத்தில் வியர்க்காத குழந்தையை அலட்சியம் செய்தல் ஆகாது. அடிக்கடி காய்ச்சல், வியர்வையின்மை, ஊசி ஏற்றும்போதும் அழாமை ஆகிய மூன்றும் சேர்ந்து காணப்படின் சிறுவர் நோய் நிபுணரை நாடுதல் வேண்டும்.

அடுத்தது, பேசுவதற்குச் சங்கடமான ஆனால் பேசியே ஆகவேண்டிய விடயம். வியர்வையும் நோவும் அற்ற இந்நோய் பின்னிடைவான முறையில் கடத்தப்படுவது. தாய், தந்தை இருவரும் ஒரே குறையின் காவிகளாக இருந்தால் மட்டுமே பிள்ளைக்கு நோய் வரும். அப்போதும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பே உண்டு. காவிகள் இருவரும் முழு ஆரோக்கியத்துடன் இருப்பர். தலசீமியா என்ற குருதி நோயும் இவ்விதமே கடத்தப்படுவதை நம்மில் பலர் அறிவர். நெருங்கிய உறவினர் ஒரே மூதாதையரிடமிருந்து ஒரே குறையைப் பெற்றிருக்க இடமுண்டு என்பதால், உறவுத் திருமணங்களில் இத்தகைய நோய்கள் கூடுதலாகத் தோன்றுகின்றன. உறவுக்குள் மணம் முடிக்கும் வழக்கமுள்ள நெகேவ் பாலைவனத்து பெடோயின் மக்களிடையே பிறவி நோவின்மை ஒப்பீட்டளவில் அதிகமாக அறியப்பட்டிருப்பது இதனாலேயாகும்.

தமிழரிடையே மச்சான் மச்சாள் முறைத் திருமணம் தொன்று தொட்டு வருவது. முஸ்லிம் மக்களிடையேயும் மார்க்கம் அனுமதித்த வழக்கமாக அது நிலவுகின்றது. அனுமதித்ததே தவிரக் கட்டாயமாக்கவில்லை. இவ்வழக்கத்தைப் பழித்துரைப்பது நமது நோக்கமன்று. பொதுவாக நூறு குழந்தைகளில் இரண்டு மூன்று பேருக்குப் பாரதூரமான பிறவிக் குறை இருக்கக்கூடும் எனில், மாமன் மகள், அத்தை மகன் போன்றோரின் திருமணத்தில் அது நான்கு முதல் ஆறு வரை ஆகலாம். பெரும்பாலான பிள்ளைகள் நலமாகவே பிறக்கின்றனர் என்பது இதன் மறுபக்கம். ஆயினும் குடும்பத்தில் ஏற்கெனவே இவ்வாறான பிள்ளை பிறந்திருந்தால், மேலும் உறவுக்குள் சம்பந்தம் பேசுமுன் வைத்திய ஆலோசனை பெறுதல் அறிவுடைமையாகும்.

இதிலே யூத சமூகத்தின் அனுபவம் கவனிக்கத்தக்கது. பரம்பரை நோயொன்றினால் தம் பிள்ளைகளைப் பறிகொடுத்த மதகுருவான ஜோசப் எக்ஸ்ரைன், 1983 இல் டோர் யெஷோரிம் என்ற அமைப்பைத் தொடங்கினார். இளைஞர்கள் பெயரின்றி இலக்கத்துடன் பரிசோதிக்கப்படுவர். திருமணம் பேசும்போது இரு இலக்கங்களும் ஒப்பிடப்பட்டு, பொருந்துமா பொருந்தாதா என்பது மட்டும் சொல்லப்படும். எவர் குடும்பத்துக்கும் பழி சேராது. றைலி, டே கண்ட நோயும் அதன் பரம்பரையலகு கண்டுபிடிக்கப்பட்ட பின்னர் இப்பட்டியலில் இடம்பெற்றது. சாத்திரத்தையும் சான்றோரையும் துணைக்கழைத்துக்கொண்டே விஞ்ஞானத்தை வீட்டுக்குள் கொண்டுவரலாம் என்பதற்கு இது சான்று.

குறையுடன் பிள்ளை பிறந்தால் தாயின் இராசியையும் நடத்தையையும் பழிப்பது நம் மத்தியில் இன்னும் மறையவில்லை. பின்னிடைவான நோயில் தாய், தந்தை இருவரிடமிருந்தும் சமமாகவே குறை வருகின்றது. அது எவரது பாவமும் அன்று. எவரது சாபமும் அன்று. புரதமொன்றின் அமைப்பில் நேர்ந்த சிறு மாற்றம் மட்டுமே. இதனைக் குடும்பத்தாருக்கு எடுத்துச் சொல்லும் பொறுப்பு வைத்தியருக்கு மட்டும் உரியதன்று. ஆசிரியருக்கும் மதப்பெரியாருக்கும் ஊர்ப் பெரியவர்களுக்கும் அதிலே பங்குண்டு. நோவை அறியாத அப்பிள்ளைக்காக நோவு முழுவதையும் தாங்கி நிற்பவள் தாயே. அவள்மீது பழிச்சொல்லையும் ஏற்றிவைக்காதிருப்பது நம்மால் இன்றே செய்யக்கூடியது.